நாலரை அங்குலச் சுவர்

தனசீலனின் வீட்டுக் கணக்கு ஒரே ஒரு இடத்தில்தான் நேரானது. அந்த இடத்தைத் தொடாமல் நேராக்க முடியுமா என்று அவர் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தோரு வருஷம் பம்பாய் தாதரில் ஒரு மருந்துக் குடோனில் ஸ்டாக் எழுதியவர் அவர். வந்தது, போனது, மீதி. சாயங்காலம் மீதி சரியாக இருந்தால்தான் சட்டையை மாற்றிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்புவார். நவம்பரில் ரிட்டையர் ஆனபோது பி.எஃப். நாலு லட்சத்து அறுபதாயிரம் வந்தது. மகன் அஜின் கூரியர் கம்பெனிச் சம்பளத்தில் சேர்த்து வைத்திருந்தது எழுபதாயிரம். டயரியின் இடது பக்கம் ஐந்து லட்சத்து முப்பதோடு முடிந்துவிட்டது. வலது பக்கம் முடிகிற வழியாக இல்லை.

இரும்பு கர்டர், செங்கல், சிமெண்ட், மணல். தாராவியில் அவர்கள் இருக்கும் சந்துக்குள் கைவண்டிகூட நுழையாது. ஆகவே மெயின் ரோட்டிலிருந்து எல்லாவற்றையும் தலையில் சுமந்து வரக் கூலி. இடித்த குப்பையை அதே தலையில் வெளியே கொண்டுபோகக் கூலி. வேலை முடிகிறவரை வேறிடத்தில் தங்க இரண்டு மாத வாடகை. 'வந்து கேட்கிறவர்களுக்கு' என்று ஒரு நாற்பதாயிரம். யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்றெல்லாம் எழுத வேண்டியதில்லை. கூட்டினால் எட்டு லட்சத்து முப்பது.

மூன்று லட்சம் இடித்தது.

அதைத் தர ஆள் இருந்தது. பை தைக்கிற பட்டறைக்காரர் ஒருவர் கீழ்த்தளத்தை ஹெவி டெபாசிட்டுக்குக் கேட்டிருந்தார். மொத்தமாக மூன்று லட்சம் கொடுத்துவிடுவார். மாத வாடகை கிடையாது. காலி பண்ணுகிற அன்றைக்கு மூன்று லட்சத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு போவார். பம்பாயில் எத்தனையோ வீடுகள் இப்படித்தான் எழும்பியிருக்கின்றன. அந்த ஒரு வரியை இடது பக்கம் எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் ரூபாய் பிசகாமல் சமமாகிவிடும். எழுதிப் பார்ப்பார். சமமாகும். அடித்துவிடுவார்.

அடிப்பதற்குக் காரணம் மனைவி ஏஞ்சலம்மாளின் முட்டு. இரண்டு முட்டும் தேய்ந்து நாலு வருஷமாகிறது. கீழே பட்டறை வந்துவிட்டால் குடும்பம் மேல்தளத்துக்கு, இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரி மாளாவுக்கு, ஏறியாக வேண்டும். அங்கே நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அஜினும் மே மாதம் அவன் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணும், இந்தப் பக்கம் இவர்கள் இருவரும். தண்ணீர் கீழேதான் வரும். கக்கூஸ் சந்தின் முனையில், எல்லோருக்கும் பொதுவானது. ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏற வேண்டும்.

ஏஞ்சலம்மாள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. முதன்முதலாகப் பேச்சு வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"கைப்பிடி மட்டும் வச்சுக் குடுங்க. அதப் பிடிச்சு மெள்ள ஏறிருவேன். அவன் கல்யாணம் முடிச்சு வேற எங்கயும் போவாம நம்ம கூட இருந்தாப் போதும்."

ஆகவே தனசீலன் வீட்டுக்குள்ளேயே ஒரு படிக்கட்டை வரைந்தார். பத்துக்குப் பதினாலு அடி வீடு. நீளவாக்கில் இரண்டரை அடி அகலத்துக்குப் படி. ஏறுகிறவளுக்கு மூச்சு வாங்காதபடி தாழ்வான படிகள், வலது கைக்குக் கைப்பிடி. போக மீதி ஏழரை அடி அகலம் பட்டறைக்கு. ஏழு அடிக்குக் குறைந்தால் தன்னுடைய மேஜைகளைப் போட முடியாது என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். ஏழரை இருந்தது. அரை அடி மிச்சமே இருந்தது. அந்த அரை அடியை நினைத்துக்கொண்டால்தான் அவருக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கம் வந்தது.

பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாளிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது அவளுடைய செங்கல் சுவர். இவர்களுடைய கூரை நாற்பது வருஷமாக அதன்மேல்தான் சாய்ந்திருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் இவர்களுக்குத் தகரம்.

"கட்டுங்க அண்ணாச்சி, வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்றாள் முப்பிடாதியம்மாள். "ஆனா எங்க சொவரு மாளாவத் தாங்காது. அதுவே எப்ப விழுவோம்னு பாத்துக்கிட்டு நிக்கி. உங்களுக்குன்னு ஒரு சொவரு தனியா எழுப்பிக்கிடுங்க."

"எழுப்பிக்கிடுதோம்."

"எல்லாத்தையும் இடிச்சுப்போட்டு பெரிய பில்டிங் வரப்போவுதுங்காவ. இப்பப் போயி காசக் கொட்டுதியளே?"

"அஜின் பொறந்தப்பமும் வரப்போவுதுன்னுதான் சொன்னாவ."

"அதுஞ் சரிதான்," என்று அவள் மீன் கழுவப் போய்விட்டாள்.

தனிச்சுவர் என்றால் செங்கல் கூடும். அதற்காகப் பன்னிரண்டாயிரம் சேர்த்து, வேறொரு வரியில் பன்னிரண்டாயிரம் குறைத்தார். அதற்குமேல் அவர் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அவர் யோசித்தது வேறு ஒன்றை. பிப்ரவரி தொடக்கத்தில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது கவனித்தார். ஏஞ்சலம்மாள் தட்டுக்குப் பக்கத்தில் தம்ளர் இல்லை. மறுநாளும் இல்லை. காலையில் ஒரு டீ. மத்தியானம் ரசம் ஒரே ஒரு வாய். நாலு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த டீயை முப்பிடாதியம்மாளிடமே திருப்பிக் கொடுத்தாள். செம்பு நிறையத் தண்ணீர் குடிக்கிறவள் அவள். குடோனில் ஒரு பெட்டி குறைந்தால் எங்கே போயிற்று என்று தேடுகிற மனுஷன், அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புரிந்தது. குடித்தால் இறங்க வேண்டிவரும். இல்லாத மாடியில் குடியிருக்க அவள் கீழேயே பழகிக்கொண்டிருந்தாள்.

அவர் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலுக்கு அவர் ஏதாவது செய்ய வேண்டிவரும். டயரியை எடுத்து, படிக்கட்டின் கைப்பிடிக்கு எழுதியிருந்த மூவாயிரத்தை நாலாயிரமாக்கினார். அவரால் பேச முடிந்தது அவ்வளவுதான்.

*

வீடு கட்டிக் கொடுக்க ஒத்துக்கொண்டவர் முகம்மது ஹனீப். மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் முப்பது வருஷமாக மேஸ்திரி. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டையும் முதலில் தரையில் நிஜ அளவில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, குடும்பம் மொத்தமும் அதற்குள் நின்று, உட்கார்ந்து, முடிந்தால் படுத்தும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அட்வான்ஸ் வாங்குவார்.

"பேப்பர்ல எல்லா வீடும் அரண்மனைதான் அண்ணாச்சி. கட்டி முடிச்ச பெறவு, ஏன் பாய், கட்டில் உள்ள போவலன்னு என் சட்டையப் பிடிப்பாங்க. தரையில போட்டுப் பாத்துருவோம்."

பத்துக்குப் பதினாலு அடி வெறும் தரை தாராவியில் சும்மா கிடைக்காது. அவர்கள் கோயில் என்று சொல்கிற சர்ச்சின் காம்பவுண்டில் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை பத்தரைக்கு முடியும்; பெண்கள் கூட்டம் உள்ளே ஒரு மணி நேரம் நடக்கும்; பன்னிரண்டரைக்கு ஒரு கல்யாணப் பந்தல்காரன் வருவான். அதற்குள் போட்டு அழித்துவிட வேண்டும் என்று அங்கே காவலும் துப்புரவும் பார்க்கிற கோயில்பிள்ளை சொன்னார்.

ஏஞ்சலம்மாள் உள்ளே பெண்கள் கூட்டத்தில் இருந்தாள். ஹனீப் வருவதற்கு முன்னாலேயே தனசீலனும் அஜினும் கோடு போட்டுவிட்டார்கள். தனசீலன் டேப்பைப் பிடிக்க, அஜின் குனிந்து சுண்ணாம்புப் பொடியைத் தூவினான். பத்து அடி, பதினாலு அடி. அவன் கட்டிக்கொள்ளப் போகும் ஜெனிஃபர் செம்பூரிலிருந்து வந்திருந்தாள். ஆராதனைக்குக் கட்டிய புடவையோடு வேப்பமரத்தடியில் நின்று செல்போனில் படம் எடுத்தாள்.

"வாசல் எங்க?" என்று கேட்டாள்.

"அங்க நிக்கியே, அதான் முப்பிடாதி ஆன்ட்டி கிச்சன். இந்தப் பக்கம் சுத்தி வா," என்றான் அஜின். "செருப்ப வெளிய போடு, என் வீடு."

அவள் நிஜமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தனசீலன் படிக்கட்டுக்குக் கோடு போட்டார். இரண்டரை அடி அகலம். ஒவ்வொரு படிக்கும் ஒரு குறுக்குக் கோடு. பன்னிரண்டு கோடு. அஜின் அதன்மேல் ஒவ்வொன்றாகக் கால் வைத்து, கற்பனைக் கைப்பிடியைப் பிடித்து, முட்டு வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடந்தான்.

"ஏசப்பா... ஏசப்பா..."

"எல, அம்மைய நடிக்காத," என்றார் தனசீலன். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்தது. நல்ல படிக்கட்டு அது. அவருக்குத் தெரியும்.

மேலே வரப்போகிற அறையையும் அதே கோட்டுக்குள் பார்த்துக்கொண்டார்கள். அஜின் தன் பாதியில் நீட்டிப் படுத்துப் பார்த்தான். காலும் கோட்டைத் தொடவில்லை, தலையும் தொடவில்லை. "ஏக்தம் ஃபிட்!" என்றான். ஜெனிஃபர் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "பீரோ இங்க," என்று ஒரு சதுரத்தைக் கையால் காட்டினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தனசீலன் தடுப்புக்கு இந்தப் பக்கம், தானும் ஏஞ்சலம்மாளும் இருக்கப் போகிற இடத்தில், நின்றுகொண்டு அவர்களைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த வீடு அவருக்குக் காகிதத்தை விட்டு வெளியே வந்திருந்தது. ஒரு நிமிஷம் அவர் அந்த மூன்று லட்சத்து வரியை மறந்துகூடப் போனார்.

ஹனீப் வந்தது அப்போதுதான். ஒரு கையில் சிமெண்ட் பையில் கட்டிய செங்கற்கள். கோயில் மணியைத் துடைக்கிற இரும்பு ஏணி சுவரோரம் கிடந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டு வந்தார். கோட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. சொவரு எங்க?"

"இதான் சொவரு," என்று தனசீலன் கோட்டைக் காட்டினார்.

"இது கோடு. நான் சொவரக் கேக்கேன்."

தனசீலனுக்கு விளங்கவில்லை. ஹனீப் பையை அவிழ்த்து ஒரு செங்கல்லை எடுத்து, கோட்டை ஒட்டி உள்பக்கமாகப் படுக்க வைத்தார். இன்னொன்றை எதிர்க் கோட்டை ஒட்டி வைத்தார். பிறகு நீளவாக்கில் இரண்டு பக்கமும்.

"டேப்ப எங்கருந்து எங்க பிடிச்சிய?"

"உள்ள. இந்தத் தகரத்துலருந்து அந்தச் சொவரு வரைக்கும்."

"தகரத்தை எடுத்துட்டு அந்த எடத்துல செங்கலத்தான வைக்கப்போறோம்? வெளிய ஒரு அங்குலம் தள்ள முடியாது, நடக்குத பாதை. முப்பிடாதியம்மா பக்கமும் தள்ள முடியாது. அப்ப உள்ளதான் வரும். நாலரை அங்குலம். இந்தப் பக்கம் நாலரை, அந்தப் பக்கம் நாலரை. ஒம்போது அங்குலம் போச்சு. பூச்சு தனி."

அஜின் எழுந்து உட்கார்ந்தான்.

தனசீலன் அந்தச் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்தது வேறெங்கோ, ஆனால் பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் தகரத்துக்குள்தான் வாழ்ந்திருக்கிறார். தகரத்துக்குத் தடிமன் கிடையாது. வெளியே போகிறவனின் முழங்கை உள்ளே சாய்ந்திருக்கிறவன் முதுகில் இடிக்கும். இடையில் ஒன்றும் இருக்காது. சுவர் என்பது இடத்தைப் பிடிக்கிற ஒரு பொருள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதன் விலையை எழுதியிருந்தார். சுமைகூலியை எழுதியிருந்தார். அது எங்கே நிற்கும் என்று எழுதவில்லை. முப்பத்தோரு வருஷம் குடோனில் பெட்டிக்கு இடம் ஒதுக்கினவர்.

"படிக்கட்டுக்கும் பட்டறைக்கும் நடுவுல ஒரு தடுப்புச் சொவரு வருமே, அது?" என்று ஹனீப் மெதுவாகவே கேட்டார். இப்படிக் கேட்பது அவருக்குப் புதிதல்ல போலிருந்தது.

அதுவும் எழுதவில்லை.

ஹனீப் இன்னொரு செங்கல்லை அங்கே வைத்துவிட்டு, டேப்பைப் பிடித்தார். "ஆறடி நாலங்குலம். பட்டறைக்காரர் ஏழு கேட்டாருல்லா?"

"ஏழு இல்லன்னா எடுக்க மாட்டாரு," என்றான் அஜின். "அப்பா?"

தனசீலன் டேப்பை வாங்கி இன்னொரு தடவை அளந்தார்.

"படியக் குறுக்கிருவோமா?" என்றான் அஜின்.

"ரெண்டடிக்குக் கீழ போனா தோள் இடிக்கும் தம்பி. அப்பயும் ஏழு வராது."

"அப்போ படி உள்ள வேண்டாம். வெளிய வச்சிருவோம்."

"வெளிய நடைபாதை மூணடி. சாய்ச்செல்லாம் வைக்க ஏலாது. நேரா நிக்கும். இந்தா, இந்த மாதிரி." ஹனீப் அந்த இரும்பு ஏணியை இழுத்துக்கொண்டுவந்து கோயில் சுவரில் சார்த்தினார். அடிக்கால் சுவரிலிருந்து ஒன்றரை அடிதான் தள்ளியிருந்தது. "இங்க பாதி வீட்டுல இதான். பழகிட்டா ஒண்ணுந் தெரியாது."

"எல்லாரும் ஏறுதாங்க அப்பா. நம்ம லைன்லயே ஏழு வீட்டுல ஏணிதான். சல்தா ஹை, அப்படியே ஓடிரும்."

அஜின் கெட்டவன் இல்லை. அவனுக்கு மே மாதம் கல்யாணம். ஜெனிஃபரின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று, தனி அறை. அவன் கூட வேலை பார்க்கிறவர்களெல்லாம் கல்யாணமான கையோடு கல்யாண், டோம்பிவிலி என்று தூரத்து ஊர்களுக்குப் போய்விட்டார்கள். இவன்தான் அப்பா அம்மாவோடு இருப்பேன் என்று நின்றான்.

பெண்கள் கூட்டம் முடிந்து ஏஞ்சலம்மாள் வெளியே வந்தாள். பைபிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோயில் படி மூன்றையும் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொன்றாக இறங்கினாள். வந்து கோட்டுக்கு வெளியே நின்றாள். வீட்டைப் பார்த்தாள். பிறகு செங்கற்களைப் பார்த்தாள். பிறகு ஏணியை.

"என்ன, எல்லாரும் எழவு வீட்டுல நிக்க மாதிரி நிக்கிய?"

அஜின் சொன்னான். சுவர், ஒன்பது அங்குலம், பட்டறைக்காரர், ஏழு அடி. பாதி இந்தியில் வந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப இதுலதான் ஏறணுமா?"

"அம்மா, சும்மா ஒரு தடவ ஏறிப் பாருங்க," என்றார் ஹனீப். "நான் கீழ பிடிச்சுக்கிடுதேன்."

"ஆன்ட்டி, வேணாம்," என்றாள் ஜெனிஃபர்.

ஏஞ்சலம்மாள் பைபிள் பையை அவளிடம் கொடுத்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து, இடது காலை முதல் கம்பியில் வைத்து, வலது காலையும் அதே கம்பிக்குக் கொண்டுவந்தாள். பிறகு இரண்டாவது கம்பி. மூன்றாவது. நாலாவதில் நின்றாள்.

அவள் அங்கேயே நின்றாள். மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. முகத்துக்கு நேரே இருந்த கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் வியர்வை இறங்கியது. தரையிலிருந்து நாலு அடி உயரம் இருக்கும்.

"அம்மா?" என்றான் அஜின்.

"பொறு."

காம்பவுண்டுக்கு வெளியே ஒரு டெம்போ பின்னால் வருகிற சத்தம் கேட்டது. பந்தல்காரன் சீக்கிரமே வந்துவிட்டான் போலிருக்கிறது.

"ஏறிரலாம்," என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "நாலு ஏறுனவளுக்கு இன்னும் எட்டு ஏற முடியாதா. எறங்கும்போதுதான் காலு எங்க இருக்குன்னு தெரியல. அதுக்கென்ன. அடிக்கடி எறங்க வேண்டாம்."

தனசீலனுக்கு அந்தக் கடைசி மூன்று வார்த்தையைக் கேட்டதும் தட்டுக்குப் பக்கத்தில் இல்லாத தம்ளர் ஞாபகம் வந்தது. மூன்று வாரமாக அதைச் சொல்லாமல் வைத்திருந்தார். இன்றைக்கும் சொல்லாமல் இருந்துவிட முடியும். சரி என்று தலையை ஆட்டினால் போதும். கணக்கு நேராகிவிடும். அவர் வாழ்க்கையில் பெரும்பாலான விஷயங்கள் அவர் தலையை ஆட்டி நடந்தவைதான்.

"எறங்கு," என்றார்.

"எறங்கத்தான் போறேன். பாய், பிடிச்சிருக்கீங்களா?"

அவரே போய் அவள் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாக வைத்துக் கொடுத்தார். பாதம் சில்லென்று இருந்தது. அவள் தரைக்கு வந்ததும் டயரியை எடுத்தார். இடது பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த கடைசி வரியை அடித்தார். அது அடித்து அடித்துக் காகிதம் பஞ்சாகியிருந்த இடம்.

"மாளா வேண்டாம்," என்றார்.

"என்ன?" என்றான் அஜின்.

"மாளா கெட்டல. பட்டறைக்குக் குடுக்கல. தரைய மட்டும் ஒசத்துவோம், மழைக்குத் தண்ணி ஏறாம. தகரத்த மாத்துவோம்."

"அப்போ நாங்க?"

"செம்பூர்ல அவங்க வீட்டுப் பக்கம் சாள் வீடுகள்ல ஒரு ரூம் கெடைக்கும். ஹெவி டெபாசிட் மூணு லட்சத்துக்குள்ள பாரு. நான் தாரேன்."

சொல்லிக்கொண்டே வலது பக்கத்தில் எழுதினார். இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவாக நின்ற அதே மூன்று லட்சம், அந்தப் பக்கம் செலவாக உட்கார்ந்தது. கூட்டிப் பார்த்தார். மிச்சம்கூட இருந்தது. இவ்வளவு லேசாக நேராகிற கணக்கை வைத்துக்கொண்டா இத்தனை நாள்? அது லேசாக நேரானதே அவருக்குப் பிடிக்கவில்லை.

அஜின் முகம் சிவந்துவிட்டது. "என்னய வெளிய போகச் சொல்றியாப்பா? யாரு கேட்டா உன்ட்ட டெபாசிட்? நான் இங்கதான் பொறந்தேன். அம்மாவ விட்டுட்டு நான் போய் செம்பூர்ல..." மீதி இந்தியில் வந்தது, அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஜெனிஃபர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு ஆசுவாசம் வந்ததும், அதை அவள் உடனே மறைத்ததும் தனசீலனுக்குத் தெரிந்தது. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஹனீப் செங்கற்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். "வீட்டுல பேசிக்கிடுங்க அண்ணாச்சி. அட்வான்ஸ் வாங்கலல்லா, ஒண்ணும் அவசரமில்ல. தரை மட்டும்னாலும் நான்தான் போட்டுத் தருவேன்."

கோயில்பிள்ளை துடைப்பத்தோடு வந்து நின்றார். சுண்ணாம்பைப் பெருக்கினால் பறக்கும் என்று இரண்டு வாளி தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள். அஜின்தான் ஊற்றினான். வாசலில் ஆரம்பித்துப் படிக்கட்டில் முடித்தான். பிறகு ஜெனிஃபரை செம்பூர் பஸ்ஸுக்கு விட்டுவருகிறேன் என்று அப்பாவைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனான்.

*

ஏஞ்சலம்மாளும் அவரும் வீட்டுக்கு நடந்தார்கள். எப்போதும் அவர் முன்னால் போவார், அவள் பின்னால் வருவாள். இன்றைக்கு அவள் முன்னால் போனாள். நொண்டி நொண்டி, ஆனால் வேகமாக. சந்துக்குள் திரும்பும்போது எதிரே பிளாஸ்டிக் மூட்டை சுமந்து வந்தவனுக்கு வழிவிட இருவரும் தகரத்தோடு ஒட்டி நின்றார்கள். அப்போது சொன்னாள்.

"உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

அவர் டயரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நான் ஏறுறேன்னு சொன்னேன். என் காலு, என் முட்டு. அவன் எங்கூட இருக்கட்டும்னு நான் ஏறுறேன்னு சொன்னேன். ஊமை மாதிரி ரெண்டு மாசம் உக்காந்து எழுதிட்டு, வாயத் தொறந்த அன்னைக்கு எம் பிள்ளைய வெளிய அனுப்பிட்டிய."

"நீ தண்ணி குடிக்கல," என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்குத் தெரியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மூட்டைக்காரன் தாண்டிப் போய்விட்டான். அவள் நடக்க ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சா, அன்னைக்கே கேக்கணும்," என்றாள் நடந்துகொண்டே.

அவள் சொன்னது சரிதான்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள். அவர் ஒரு ஓரம், அவள் ஒரு ஓரம். தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டு போனார்கள். கதவில், வரப்போகிறதாம் என்கிற பெரிய பில்டிங்குக்காக சர்வேக்காரர்கள் எழுதிவிட்டுப் போன நம்பர் வெயிலில் தெரிந்தது.

முப்பிடாதியம்மாள் வாசலில் தலையை நீட்டினாள். "என்ன மதினி, வீடு போட்டுப் பாத்தியளா? எப்பம் இடிக்கிய? நான் பாத்திரத்த எல்லாம் அந்தப் பக்கத்துலருந்து எறக்கணுமே."

"இடிக்கல," என்றாள் ஏஞ்சலம்மாள்.

"ஏன்?"

"எங்க வீட்டுக்குள்ள சொவரு வைக்க எடமில்லையாம்."

முப்பிடாதியம்மாள் இது விளையாட்டா வினையா என்று தெரியாமல் தனசீலனைப் பார்த்தாள். பிறகு, "நல்லதாப் போச்சு, எம் பாத்திரம் அங்கனயே கெடக்கட்டும்," என்று போய்விட்டாள்.

ஏஞ்சலம்மாள் எழுந்து, பானையிலிருந்து செம்பில் தண்ணீர் எடுத்து, நின்றபடியே அண்ணாந்து குடித்தாள். பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவர் முன்னால் வைத்தாள். கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அவள் முகம் அப்படியேதான் இருந்தது.

"தரைய எவ்வளவு ஒசத்துறீங்க?"

"ஆறு அங்குலம்."

"போன வருஷம் ஜூலைல எவ்வளவு ஏறிச்சு? கட்டில் காலு முங்கிச்சுல்லா. ஆறு பத்தாது. ஒம்போது போடுங்க."

அவர் டயரியைப் பிரித்து ஆறை அடித்து ஒன்பது என்று எழுதினார். மண்ணும் கூடும், சுமைகூலியும் கூடும். ஓரத்தில் குறித்தார்.

"ஒம்போது ஒசத்துனா வாசல்ல ஒரு படி வருமே," என்றாள்.

"வரும்."

"ஒரு படிதான?"

"ஒரு படிதான்."

அவள் வாசலைப் பார்த்தாள். அந்தப் படி வந்துவிட்டால் எப்படி இறங்குவது என்று பார்க்கிறவள் போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கைப்பிடி வைங்க," என்றாள்.

அவர் எழுதினார்.